ஒட்ட நறுக்கிய முடிச்சு

எங்கள் வீட்டில் ஒரு மாத காலம் நூலைத் தவிர வேறு பேச்சே இல்லை. தைக்கிற நூல் என்றால் எனக்கும் நாலு வார்த்தை சொல்லத் தெரியும். இது மீன் பிடிக்கிற நூல். லைன் என்று சொல்ல வேண்டுமாம். அதில் இரண்டு ரகம். எந்த ரகம் நல்லது என்று என் வீட்டுக்காரரும் என் தம்பியும் சண்டை போட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் போனில், ஞாயிற்றுக்கிழமை நேரில். நான் நடுவில் உட்கார்ந்து புடவைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருப்பேன்.

அந்த இரண்டு ரகத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்று பின்னல் லைன். மெல்லிய இழைகளைச் சேர்த்து நெருக்கமாகப் பின்னியிருக்கும். பார்க்கப் பச்சைப் பட்டு நூல் மாதிரி இருக்கும், தொட்டால் வழுவழு. கையால் அறுக்க முடியாது. அது நம் கையை அறுக்கும். இன்னொன்று ஃபுளோரோ. கண்ணாடி மாதிரி ஒற்றை நரம்பு. தண்ணீரில் போட்டால் மீனுக்குத் தெரியாதாம். எனக்கு அந்தக் காலத்துத் தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நரம்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு தரம் அப்படிச் சொல்லிவிட்டேன். என் தம்பி என்னைப் பார்த்த பார்வையில் அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் ஆட்டோ ஓட்டினார். கண்ணில் புரை வந்து ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. இனிமேல் வண்டி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவை விற்ற மறுநாளிலிருந்து அவர் வீட்டை ஓட்ட ஆரம்பித்தார். பட்டினப்பாக்கத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு வீடு ஒரு ரூமும் ஒரு சமையல்கட்டும்தான். அதற்குள் ஒரு மனுஷன் நாள் பூராவும் சுற்றி வந்தால் என்ன ஆகும்? கொதிக்கிற குழம்பின் மூடியைத் திறப்பார். "புளி தூக்கலா கீது" என்பார். ஃபேனை நிறுத்துவார், மறுபடி போடுவார். நான் பதினாறு இழை எண்ணிப் பிரித்துப் பிடித்திருப்பேன். பன்னிரண்டாவது இழையில், "நகவெட்டி எங்கமே?" என்பார். எண்ணிக்கை போய்விடும். மறுபடி ஒன்றிலிருந்து.

குச்சு கட்டுவதுதான் என் வேலை. தி. நகரில் பாண்டி பஜார் பக்கம் ஒரு தையல் கடையிலிருந்து பட்டுப்புடவை தருவார்கள். முந்தானை ஓரத்து இழைகளைப் பிரித்து, சேர்த்து, முடிச்சுப் போட்டு, மணி கோத்துத் தொங்கவிட வேண்டும். கல்யாண மாதங்களில் ஒரே வாரத்தில் பத்துப் புடவை வரும். நான் கடை வாசலில் நின்று பையைக் கொடுப்பேன், வேறு பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கடைக்காரம்மா உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் போனதில்லை. என்ன பேசுவது என்று தெரியாது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அப்படி இருக்கும்போதுதான் என் தம்பி ஒரு தூண்டில் ராடும் லைன் சுற்றுகிற ரீலும் கொண்டு வந்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தான். அவன் தரமணியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. ஆபீஸ் பஸ் எல்லாம் வந்து நின்ற பிறகு அவனுக்கு வேலை இல்லை, போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்ப்பான். வெள்ளைக்காரன் ஒருவன் ஏரியில் படகில் நின்றுகொண்டு 'பாஸ்' என்று ஒரு மீனைப் பிடித்து முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவான்.

"உட்டுட்றதுக்கு எதுக்குடா புடிக்கணும்?" என்று கேட்டேன்.

"அது ஒரு ஜாலிக்குதான்க்கா. நம்ம கொடுவா கீதுல்ல, அதுவும் பாஸ் சாதிதான். ஆத்து மொகத்துல, ஒடஞ்ச பாலத்தாண்ட நெறைய கீது. மாமா டெய்லி போட்டும்."

மாமா டெய்லி போனார். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மணலோடு நடந்து அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குப் போய், ஒன்பதரை பத்துக்குத் திரும்புவார். அந்த நாலு மணி நேரம் வீடு என் கையில் இருந்தது. பதினாறு இழையும் பதினாறாகவே இருந்தது. அவர் மீன் கொண்டு வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அந்த நாலு மணி நேரம் போதும். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

பிறகுதான் லைன் வந்து கெடுத்தது.

அவர் ரீலில் பின்னல் லைன் சுற்றியிருந்தார். ஒரு நாள் பெரிய கொடுவா ஒன்று மாட்டி, பாலத்துத் தூணைச் சுற்றி ஓடிவிட்டது. தூணெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி. லைன் அறுந்தது. வீட்டுக்கு வந்து அறுந்த நுனியைக் காட்டினார், துடைப்பம் மாதிரிப் பிசிர் பிசிராக விரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான்.

"நான் சொன்னேனா இல்லியா மாமா? ஃபுளோரோ போடுன்னேனே. அது கல்லுக்குத் தாங்கும். மீனு கண்ணுக்கும் தெரியாது. உன் பச்சக் கயிறு துணி காயப் போட்றதுக்குத்தான் லாயக்கு."

"போடா. பின்னல்னா மீனு மூச்சு உட்டாகூட வெரல்ல தெரியும். உன் நரம்புல மீனு துன்னுட்டு ஏப்பம் உட்டு போனப்பறம்தான் தெரியும்."

அப்படிச் சொன்னவர் மறுநாளே தனியாகப் போய் ஃபுளோரோ வாங்கி வந்தார். அதை ரீலில் சுற்றின அழகைச் சொல்ல வேண்டும். அது விறைப்பான நரம்பு, சுற்றச் சுற்ற ஸ்பிரிங் மாதிரித் துள்ளி வெளியே வந்தது. கதவுத் தாழ்ப்பாளில் ஒரு சுற்று, கேஸ் சிலிண்டரில் ஒரு சுற்று, என் கால் கொலுசில் ஒரு சுற்று. மாமியார் கல்யாணத்துக்குத் தந்த கொலுசு அது. கத்திரிக்கோலோடு அவர் என் காலடியில் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் நாலு நாள் வாசல் பக்கம் போகவில்லை. ஃபுளோரோ நாலு நாள் கூடத் தாங்கவில்லை. வீசினால் கொத்தாக வந்து விழுகிறது என்று பிய்த்து எறிந்துவிட்டு, மறுபடி பின்னல் சுற்றினார்.

ஆனால் கொக்கியில் முடிச்சுப் போட அவருக்குக் கண் தெரியவில்லை. எப்படியோ அதுவரை தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கொக்கி விரலில் ஏறி ரத்தம் வந்ததும், "நீதான் நாள் பூரா முடிச்சுப் போட்றியே, இத்த கொஞ்சம் போடேன்" என்றார்.

போட்டேன். என் தொழில்தானே என்று ஒரு மிதப்பு. கொக்கிக் கண்ணில் நுழைத்து ஐந்து சுற்றுச் சுற்றி இழுத்தேன். குச்சுக்குச் செய்கிற மாதிரியே முடிச்சின் மேல் ஒரு துளி வெள்ளைக் கோந்து வைத்தேன், காய்ந்ததும் மிச்ச நுனியை ஒட்ட நறுக்கினேன். நுனி தெரிந்தால் தையல் கடையில் புடவையைத் திருப்பிவிடுவார்கள், இருபது வருஷப் பழக்கம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமே, மிஷின்ல போட்டாப்ல கீது" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை மெச்சியது அதுதான் இரண்டாவது முறை. முதல் முறை எதற்கு என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலையில் அந்த முடிச்சோடு போனபோது முன்னதைவிடப் பெரிய கொடுவா மாட்டியது. தூணே இல்லாத நடுத் தண்ணீரில். அக்கம்பக்கத்தில் தூண்டில் போட்டவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்களாம். இரண்டு தரம் எகிறிக் குதித்ததாம். பிறகு கை லேசாகிவிட்டதாம், மீன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ராடை மூலையில் சாத்தினார். "இனிமே அடிச்சாலும் போமாட்டேன். வித்துட்றேன் இத்த" என்றார். காப்பி கூடக் கேட்கவில்லை. லைன் நுனியில் ஒரு சாண் நறுக்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, உன் தம்பிக்குக் காட்டணும் என்றார்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது நான் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். நுனியில் பிசிர் இல்லை. அறுபடவே இல்லை. முழுசாக, மடிப்பு மடிப்பாக, சுருண்டு இருந்தது. அவிழ்ந்த குச்சின் இழை அப்படித்தான் இருக்கும். எத்தனை அவிழ்ந்த குச்சு பார்த்திருக்கிறேன். ஐந்து சுற்றின் தடமும் அந்த நூலில் அப்படியே இருந்தது.

கோந்து. தண்ணீரில் கரைகிற கோந்து. குச்சு தண்ணீரில் கிடப்பதில்லை, எதையும் இழுப்பதும் இல்லை. சும்மா தொங்க வேண்டும், அவ்வளவுதான். நான் அதே மாதிரி ஒரு முடிச்சைப் போட்டு ஆற்றுக்கு அனுப்பியிருக்கிறேன். பிடித்துக்கொள்ள ஒரு நுனி கூட மிச்சம் வைக்காமல்.

காகிதத்தை மறுபடி மடித்து, அவர் மாற்றிப் போடுகிற சட்டையின் பையில் வைத்தேன். சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினைந்து நாள் போனது. சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று கூட இல்லை. அந்த ஒரு மெச்சலை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

அந்தப் பதினைந்து நாளும் அவர் வீட்டிலேயே இருந்தார். மூடியைத் திறந்தார், ஃபேனை நிறுத்தினார், நகவெட்டியைத் தேடினார். ஏழு புடவை கையில் இருந்தது, மூன்றுதான் முடித்திருந்தேன். தையல் கடையிலிருந்து இரண்டு தரம் போன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பின்னல்தான் அறுந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு அவன் போன் வேறு. ஒரு வெள்ளைக்காரன் பின்னல்தான் என்கிறான் என்று இவர் சொல்ல, இன்னொரு வெள்ளைக்காரன் ஃபுளோரோதான் என்கிறான் என்று அவன் சொல்ல, இரண்டு பேருக்கும் அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் புரியாது. படத்தைப் பார்த்துச் சண்டை.

கடைசியில் தம்பிதான், "வா மாமா, கடைக்கே போய்க் கேப்போம். பாய் இன்னா சொல்றாரோ அதான். ராடையும் அவராண்டயே வித்துக்க" என்றான். ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்துக்குள் தூண்டில் சாமான் விற்கிற கடை. முடிந்த மூன்று புடவையைக் கொடுக்க நான் தி. நகர் போக வேண்டியிருந்தது. போகிற வழிதானே என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். புடவைப் பை ஒரு கையில், ராடு ஒரு கையில். பஸ்ஸில் எல்லோர் தலையிலும் இடிக்கிறது என்று ராடை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கடைக்கார பாய்க்கு என் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும். இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டும் கரெக்ட்டுதான். ரீல்ல பின்னல் சுத்து. அது ஸ்மூத்தா போவும், வெரல்ல தெரியும். முன்னாடி மட்டும் ரெண்டு கை விரிப்பு நீளத்துக்கு ஃபுளோரோ சேத்துக்கட்டு. கல்லுக்குத் தாங்கும், மீனுக்கும் தெரியாது. எல்லாரும் அப்டிதான் போட்றாங்க. இதுக்கா சண்ட போட்டுக்கினு கீறீங்க?"

ஒரு மாதம். என் வீட்டில் ஒரு மாதம். நான் ராடைச் சுவரில் சாத்திவிட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்டின்னா என் பின்னல் ஏன் பாய் ரெண்டாவது தபா பூட்ச்சு? கல்லே இல்லியே அங்க" என்று இவர் காகிதத்தை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார்.

பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லைன் மேல தப்பு இல்ல நைனா. இது அறுவல. முடிச்சு வழுக்கி அவுந்துருக்கு. பின்னல்ல முடிச்சு போட்டா ஒரு அரிசி நீளம் வால் உடணும். இத்த ஒட்ட வெட்டிட்டாங்க. யாரு கட்னது?"

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் புடவைப் பையின் காதை விரலில் சுற்றினேன்.

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, கண் தெரியாமல் பெண்டாட்டியை விட்டு முடிச்சுப் போட வைத்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னாரா, இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் என் தம்பிக்கு அது போதும்.

"மாமா, நீ ஆட்டோக்கு ஸ்டெப்னி மாட்னப்போ டயரு கயண்டு உருண்டு ஓட்ச்சே, அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்று கடையிலேயே ஆரம்பித்தான். பஸ் ஸ்டாப் வரை விடவில்லை. "ஒரு மாசம் லைன் மேல பழி போட்டியே மாமா. அந்த லைனு உன் மேல கேஸ் போடப் போவுது." இவர் வாங்கின இரண்டு லைன் சுருளையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ராடை விற்கவில்லை, ஆனால் அதைப் பார்க்கவும் இல்லை.

"நிறுத்துடா. நான் கட்னது அது" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான்.

"கோந்து வச்சு ஒட்ட நறுக்குனேன். குச்சுக்கு வைக்கிறாப்ல."

"கோந்தா?"

"கோந்துதான்."

"மீனுக்கு கோந்து போட்டு..." அவனால் முடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பள்ளிக்கூடப் பெண்கள் நாலு பேர் எங்களையே பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் சொல்லி முடித்தாயிற்று.

என் வீட்டுக்காரர் திரும்பி, "எப்போ தெரியும் உனக்கு?" என்றார்.

"சட்டையத் தொவைக்கும்போதே."

"பதினஞ்சு நாளா?"

"லைனு லைனுன்னு கத்திக்கினு இருந்தியே, ஒரு வார்த்த என்னக் கேட்டியாய்யா? கட்னவ நானு. கேட்டியா?"

அவர் மடியில் இருந்த பின்னல் சுருளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"பாத்தியாடா? பின்னல் லைன் மேல தப்பே இல்ல."

"மொத மீனு கல்லுல அறுந்துச்சே, அது?"

"அது கல்லு மேல தப்பு."

பஸ் வரும் வரை அது ஓடியது. நான் ராடைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் என்னிடம்தான் மறுபடி வந்தார், பின்னலும் ஃபுளோரோவும் சேர்க்கிற முடிச்சு, கொக்கி முடிச்சு, இரண்டுக்கும். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் வைத்து நனைக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார், நனைத்தேன். கோந்து வைக்கவில்லை. ஒரு அரிசி நீளம் வால் விட்டேன். அது துருத்திக்கொண்டு நின்றது. கத்திரிக்கோல் கையிலேயே இருந்தது. அதை நறுக்காமல் விட எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று குச்சு கட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அசிங்கமா கீது" என்றார்.

"இருக்கட்டும்."

மறுநாள் ஐந்தரைக்குக் கிளம்பினார். எனக்கு வீடு திரும்பக் கிடைத்தது. ஃபேன் ஓடியது, மூடி மூடியபடி இருந்தது. புடவையை மடியில் போட்டு எண்ண ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது. வால் போதுமா? அரிசி என்றால் பச்சரிசியா, புழுங்கலா? பாஸ்மதி அரிசி எவ்வளவு நீளம் இருக்கிறது. பாய் வீட்டில் எந்த அரிசியோ. மறுபடி ஒன்றிலிருந்து. பத்து, பதினொன்று. இந்நேரம் மாட்டியிருக்குமா? மறுபடி ஒன்றிலிருந்து. அவர் வீட்டில் இருந்த நாட்களில்கூட நான் இத்தனை தரம் எண்ணிக்கை விட்டதில்லை. யாரைத் திட்டுவது? வீட்டில் யாரும் இல்லை.

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த மூன்று நாளும் வரவில்லை. முடிச்சு நிற்கிறது என்று மட்டும் வந்து சொல்வார். ஐந்தாம் நாள் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா கொண்டு வந்தார். பெரியது இல்லை. ஆனாலும் மாடிப்படி ஏறும்போதே அவர் செருப்புச் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. கொக்கி அதன் வாயிலேயே இருந்தது. அதோடு ஒரு சாண் ஃபுளோரோவையும் நறுக்கிக் கொண்டு வந்திருந்தார், கொக்கியைக் கழற்றக் கண் தெரியவில்லை என்று.

தம்பிக்கு போன் போட்டார். மீன் பிடித்தது பின்னலா ஃபுளோரோவா என்று உடனே ஆரம்பித்தது. நான் சமையல்கட்டில் செதில் எடுத்தேன். கொக்கியைக் கழற்றிக் கழுவி, முடிச்சைச் சுண்டி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வால் அப்படியே துருத்திக்கொண்டு நின்றது.

குழம்பு வைத்தேன். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"புளிதான் கொஞ்சம் தூக்கலா கீது" என்றார்.